வலப்பக்கம் ஏறிக் காட்டாத குதிரை

கிளேட்டன் ரே ஹடில்ஸ்டன், 1943–2013. ஐடஹோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஸ்னேக் ஆற்றுக்குத் தெற்கே, மார்சிங் ஊரிலிருந்து பதினோரு மைல் தள்ளியிருந்த ஒரு மரவீட்டில் பிறந்தார். அதே வீட்டில் இறந்தார். இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள் குதிரை பழக்கினார்.

அவரிடம் வந்த குதிரைகள் மூன்று வகைப்பட்டவை. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் இரண்டு வயது நிரம்பிய தங்கள் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டுப்போவார்கள். ஓவைஹீ மலைச்சரிவுகளில் அரசாங்கத்தார் வளைத்துப் பிடித்துக் கழுத்தில் குறியிட்ட காட்டுக்குதிரைகளை அவரே போய்த் தேர்ந்து எடுத்துவருவார். பாய்சி நகரப் பந்தயத் திடலில் ஆண்டுக்கணக்கில் ஓடி, இனி ஓடிப் பயனில்லை என்று கழிக்கப்பட்டவை வண்டியேறி வந்து சேரும். இவற்றில் எது சிரமம் என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றே.

"குட்டிக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுத்துடலாம். காட்டுக்குதிரைக்கு நம்மளப் பிடிக்காது, காத்துக்கிட்டு இருக்கலாம். இந்தப் பந்தயக்குதிர இருக்கு பாரு, அதுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சதுல பாதி தப்பு."

அவர் சொன்னது உண்மை. பந்தயத்தில் ஓடிய குதிரை, கடிவாள வாரை இழுத்தால் நிற்பதில்லை, வேகமெடுக்கிறது. ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்க, அந்தப் பிடிமேல் வாயைச் சாய்த்து ஓடியே அது வளர்ந்திருக்கிறது. பந்தயம் முடிந்ததும் ஜாக்கி கைகளைத் தாழ்த்தி வாரைத் தளர விடுவான். ஓட்டம் முடிந்தது என்று அதற்குத் தெரிவது அப்போதுதான். இதை அறியாமல் வாங்கிப்போய், நிறுத்துவதற்காக இழுத்து, இழுக்க இழுக்கப் பறந்து, முள்வேலியில் போய் இறங்கியவர்கள் அந்தப் பக்கத்தில் பலர் உண்டு.

இன்னொரு சங்கதியும் உண்டு. பந்தயக்குதிரைக்கு வாழ்க்கை முழுவதும் இடப்பக்கத்தில்தான் நடக்கிறது. சேணம் பூட்டுவது இடப்பக்கம். கயிறு பிடித்து நடத்துவது இடப்பக்கம். ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவது இடப்பக்கம். திடலைச் சுற்றி ஓடுவதும் இடப்பக்கமாகவே. அதன் வலக்கண் ஆறேழு ஆண்டுகள் வெறும் கூட்டத்தையும் தூசியையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. குதிரையின் ஒரு கண் கற்றதை மறு கண் ஏற்றுக்கொள்வதில்லை. இதைக் கிளேட்டன் கற்றது குதிரையிடமிருந்து அல்ல, தம் மனைவி ஒலீட்டாவிடமிருந்து.

ஒலீட்டா ஆட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர்; மலைச்சரிவில் வளர்ந்தவர். திருமணமான மறு ஆண்டு, 1969 வசந்தத்தில், கிளேட்டன் தாம் பழக்கிய முதல் பந்தயக்குதிரையைப் பெருமையாகக் காட்டுவதற்காக அவரை மலைக்கு அழைத்துப்போனார். வழியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஒலீட்டா குதிரையின் வலப்பக்கம் போனார்.

"ஏன் அந்தப் பக்கம் போற?"

"மேடு இந்தப் பக்கம்தான இருக்கு? பள்ளத்துல நின்னுக்கிட்டு வானத்துக்குத் தாவச் சொல்றியா?"

அவர் வலக்காலை அங்கவடியில் வைத்து எழும்பியதுதான் தாமதம். குதிரை பம்பரமாய்ச் சுழன்று அவரைச் சேஜ் புதருக்குள் எறிந்துவிட்டு இருநூறு கெஜம் போய் நின்றது. ஒலீட்டா எழுந்து, தலையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"இந்தப் பக்கம் இது வேற குதிரடா. நீ பாதிக் குதிரதான் பழக்கியிருக்க. பாதிக் கூலி வாங்கிக்கோ."

அன்று முதல் கிளேட்டனின் குதிரைப்பட்டியில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வாங்க வந்தவரின் கண்ணெதிரில் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்க வேண்டும். வலப்பக்கம் ஏறி இடப்பக்கம் இறங்க வேண்டும். அதன் பிறகே கிளேட்டன் "தயார்" என்பார். அதன் பிறகே ஒலீட்டா அந்தக் குதிரைக்குப் பெயர் வைப்பார். பெயரோடு வந்ததானாலும் வேறு பெயர் வைப்பார். 'தயார்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டவர்கள் குதிரையைச் சோதித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓவைஹீ மலையில் மாடு மேய்ப்பவருக்கு ஒற்றையடிப் பாதையில் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று பார்த்து ஏற வேண்டியிருக்கும். கிளேட்டன் கொடுத்த குதிரை என்றால் அந்தக் கவலை இல்லை.

1998இல் ஒரு குட்டி உதைத்துக் கிளேட்டனுடைய வலது முழங்கால் சில்லு நொறுங்கியது. அறுவை முடிந்து மூன்று மாதத்தில் நடந்தார். ஆனால் அந்தக் காலில் முழு எடையைத் தாங்க இயலவில்லை. இடக்காலை ஊன்றி இடப்பக்கம் ஏறி, விறைத்த வலக்காலை ஒருவாறு வீசிப் போட்டுக்கொள்வார். வலப்பக்கம் ஏறுவது முடியாத காரியமாயிற்று. அந்தப் பொறுப்பை ஒலீட்டா ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

பக்கத்துப் பண்ணையின் லைல் ஆஸ்ட்ராண்டர், கிளேட்டனோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர், வேலிமேல் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்ப்பார்.

"ஒங்க கல்யாணத்துல ஒழுங்கா நடக்குற வேல இது ஒண்ணுதான்டா. ஆளுக்கு ஒரு பக்கம். ஊர்ல பாதிப் பேரு இத மொதல்லயே செஞ்சிருந்தா வக்கீல் செலவு மிச்சம்."

"நீ மொதல்ல வேலிய விட்டு எறங்கு," என்பார் ஒலீட்டா. "ஒன் பாரத்துக்கு அது எந்தப் பக்கமும் தயார் இல்ல."

ஒன்பது ஆண்டுகள் இப்படிப் போயின. 2007 பிப்ரவரியில் ஒலீட்டாவைப் பக்கவாதம் தாக்கியது. கால்கள் நடக்கவில்லை, ஒரு கை மட்டும் வேலை செய்தது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "இல்ல." காப்பி வேண்டுமா என்றால் "இல்ல" என்று கூறிக் கோப்பைக்குக் கை நீட்டுவார். ஆயினும் அறிவு முழுதாக இருந்தது. சக்கர நாற்காலியைக் கிளேட்டன் நாள்தோறும் காலையில் சமையலறைச் சன்னலோரம் தள்ளி வைப்பார். அங்கிருந்து குதிரை பழக்கும் வட்டப்பட்டி முழுவதும் தெரியும். ஓராண்டுக்கு மேல் அந்தப் பட்டி வெறுமையாக இருந்தது. ஒலீட்டா வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைக் காணச் சகிக்காமல்தான் 2008 கோடையில் கிளேட்டன் மறுபடியும் குதிரை எடுத்தார். ஒன்று, அரசாங்கப் பட்டியிலிருந்து கொண்டுவந்த காட்டுப் பெட்டை. எலி நிறம், முதுகில் கருங்கோடு, ஆறு வயது. மற்றது, பந்தயத் திடலிலிருந்து வந்த டீக்கன். செம்பழுப்பு நிறம், காயடித்த ஆண், ஆறு ஆண்டுகளில் நாற்பத்துமூன்று பந்தயங்கள் ஓடியது.

டீக்கன் நல்ல பிராணி. ஆறு வாரத்தில் கையைத் தாழ்த்தினால் நிற்கக் கற்றது. மாட்டைக் கண்டு மிரளவில்லை. வலப்பக்கத்தையும் கிளேட்டன் விட்டுவிடவில்லை. தம்மால் இயன்றதைச் செய்தார். வலப்பக்கம் நின்று தேய்த்தார்; சாக்கை வீசினார்; வலது அங்கவடியில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு நாள்கணக்கில் சுற்றி நடத்தினார். டீக்கன் காதைக்கூட அசைக்கவில்லை. ஆனால் மணல் மூட்டைக்குத் தலை கிடையாது. அது குதிரையின் வலக்கண்ணுக்கு எதிரே திடீரென்று எழும்பி வானத்தை மறைப்பதில்லை. அது கிளேட்டனுக்குத் தெரியும். ஏறிக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதும் தெரியும். கூலிக்கு ஓர் இளைஞனைக் கூப்பிட்டிருக்கலாம். ஒலீட்டா சன்னலில் உட்கார்ந்திருக்க, அவர் செய்த வேலையை வேறொருவர் செய்வதை அவர் பார்க்கும்படி ஆகிவிடுமே என்று தள்ளிப்போட்டார்.

செப்டம்பரில் லைலின் பழைய குதிரை கால் நொண்டியது. மலையிலிருந்து மாடு இறக்கும் காலம் நெருங்கியது. செப்டம்பர் 13, சனிக்கிழமை, அவர் வண்டியோடு வந்து நின்றார்.

"டீக்கனா? சர்ச் ஊழியக்காரன் பேரால்ல இருக்கு. ஞாயித்துக்கிழம லீவு கேப்பானா?"

"கேக்க மாட்டான். ஒன்ன மாதிரி தூங்கவும் மாட்டான்."

"ஓடுவானா?"

"ஓடறத மறக்க வைக்கத்தான்டா இம்புட்டு நாளு."

கிளேட்டன் மரக்கட்டையில் கால் வைத்து இடப்பக்கம் ஏறினார். பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார், கைகளைத் தாழ்த்தினார், டீக்கன் நட்டு வைத்தாற்போல் நின்றது. இடப்பக்கமே இறங்கினார். குதிரையின் தோளருகே நின்றார்.

அப்போது சன்னலில் சத்தம் கேட்டது. ஒலீட்டா தம் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினார். மூன்று முறை, சற்று நிறுத்தி மறுபடியும் மூன்று முறை. லைல் திரும்பிப் பார்த்தார். கிளேட்டன் திரும்பவில்லை.

"காப்பி கேக்குறா," என்றார்.

பிறகு, "தயார்," என்றார்.

லைல் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். கயிற்றை வாங்கிக்கொண்டு டீக்கனை வண்டியில் ஏற்றினார்.

கிளேட்டன் உள்ளே வந்து காப்பி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தார். ஒலீட்டா வாங்கவில்லை.

"லைலுக்கு ஐம்பது வருஷமா குதிர பழக்கம். அவன் என்ன கொழந்தையா?"

"இல்ல."

"மணல் மூட்ட கட்டி ஒரு மாசம் நடத்தியிருக்கேன், ஒலீட்டா."

"இல்ல. இல்ல."

அந்தச் சொல் ஒலீட்டாவின் வாயில் பல பொருள் தரும் என்பது கிளேட்டனுக்குத் தெரியும். அன்றைக்கு அதற்கு ஒரே பொருள்தான். ஒலீட்டா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீக்கனுக்கு அவர் புதுப் பெயர் வைக்கவில்லை. பந்தயத் திடல் வைத்த பெயரோடே அது போயிற்று.

அதன் பிறகு ஐந்து வாரம். தொலைபேசி சமையலறைச் சுவரில் இருந்தது, எண் மனப்பாடம். 'லைல், வலப்பக்கம் ஏறிடாத, அந்தப் பக்கம் ஆள் ஏறல' என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல் பொய்யாகிவிடும். நாளை சொல்லலாம் என்று நாள்தோறும் நினைத்தார். யாராயினும் இடப்பக்கம் ஏறுவதுதானே உலக வழக்கம் என்றும் நினைத்தார். ஒருநாள் துணிந்து எண்ணைச் சுழற்றினார். லைலின் மகள் ட்ரீனா எடுத்தாள். தந்தையோடு சேர்ந்து பண்ணையை நடத்துபவள்.

"கிளேட்டன் அங்கிளா? அப்பா மேட்டுல இருக்காரு. டீக்கனப் பத்தி ஊரெல்லாம் அளந்துக்கிட்டிருக்காரு, காது வலிக்குது எங்களுக்கு. எதாவது சொல்லணுமா?"

சன்னலோரம் ஒலீட்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

தொலைபேசியை மாட்டினார். நாளை லைல் வீட்டில் இருக்கும்போது கூப்பிடலாம் என்று முடிவு செய்தார். கூப்பிடவில்லை.

அக்டோபர் 18ஆம் நாள், ஓடைக்கு மேலே செங்குத்தான சரிவில், மாடுகள் கடந்துபோன பிறகு, வழியிலிருந்த முள்கம்பிப் படல்கதவை மூடுவதற்காக லைல் இறங்கினார். பாதை ஒரு குதிரை நிற்கும் அகலமே இருந்தது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மேடு. படலை மூடிவிட்டு, மலைக்காரர்கள் செய்வதுபோலவே மேட்டுப் பக்கம் நின்று, வலக்காலை அங்கவடியில் வைத்து எழும்பினார். டீக்கனின் வலக்கண்ணுக்கு எதிரே முதல்முறையாக ஒரு மனிதன் முளைத்தான். அது அவனிடமிருந்து விலகி, இடப்பக்கம், காற்றில் பாய்ந்தது.

மாடுகளுக்குப் பின்னே வளைவில் போய்க்கொண்டிருந்த ட்ரீனா திரும்பியபோது பார்த்தது, குதிரை வானத்தில் இருந்த அந்த ஒரு கணத்தை மட்டுமே. கீழே போய்ச் சேர்ந்தபோது லைல் பாறைமேல் கிடந்தார். குதிரை அவர்மேல் புரண்டு போயிருந்தது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உடைந்திருந்தன. டீக்கனின் முன்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. எழ முயன்று முயன்று விழுந்தது. ட்ரீனா சேணத்திலிருந்த துப்பாக்கியை எடுத்து அதன் வேதனையை முடித்தாள். பிறகு தந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஹெலிகாப்டர் வரும் வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சரளை வழுக்கியது என்றார்கள். பாம்பு என்றார்கள். பந்தயக்குதிரைக்கு மலை சரிப்படாது என்றார்கள். கிளேட்டனின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

பாய்சி மருத்துவமனையில் ஒன்பதாம் நாள்தான் லைலைப் பார்க்க விட்டார்கள். இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று மருத்துவர் கூறியிருந்தார். கிளேட்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"உக்காரு. நின்னுக்கிட்டிருந்தா எனக்குப் பொறாமையா இருக்கு," என்றார் லைல்.

கிளேட்டன் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"வலப்பக்கம் யாரும் ஏறல, லைல். ஒருத்தர்கூட ஏறல. தயார்னு நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு வலப்பக்கம் யாரும் ஏறிக் காட்டல. பாத்தேன். ஒலீட்டா கண்ணாடியத் தட்டினா. காப்பிக்கு அப்படித் தட்டுவாங்களா?"

"தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?"

லைல் கண்ணை மேற்கூரைக்குத் திருப்பினார்.

"அவ பாத்துக்கிட்டிருக்கா. அவ வேல அது. அவ எந்திரிச்சு வர முடியல. அங்க வச்சு, வலப்பக்கம் யாருடா ஏறுவான்னு ஒன்னக் கேக்கச் சொல்றியா? வீட்டுக்குக் கொண்டுபோயி நானே பழக்கிக்கலாம்னு நெனச்சேன். மாட்டு வேல வந்துச்சு. மறந்துட்டேன்."

"ஏறும்போது?"

"அதான்டா வேடிக்க. வேற எவன்கிட்ட வாங்கின குதிரையா இருந்தாலும் ஒரு தடவ யோசிச்சிருப்பேன். ஒன் குதிரல எந்தப் பக்கம்னு யோசிக்கிற பழக்கமே எனக்கு இல்ல. நாப்பது வருஷமா நீ அப்படிக் கெடுத்து வச்சிட்ட."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவே முயன்றார். கிளேட்டனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஊருக்கு வந்து தீவனக் கடையில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: குற்றம் என்னுடையது, குதிரை பாதிதான் பழகியிருந்தது. கடைக்காரர் அவர் தோளில் கை வைத்து, "வீட்டுல ஒலீட்டா வேற அப்படிக் கெடக்குறாங்க. நீங்க ஒங்களையே போட்டு வதைச்சுக்காதீங்க," என்றார். அடுத்து நின்றவர் பேச்சை மாற்றினார். நாற்பது ஆண்டுகளாக அவர் சொன்னதையெல்லாம் நம்பியவர்கள், இதை மட்டும் நம்ப மறுத்தார்கள்.

2009 மார்ச் மாதத்தில் ஒலீட்டா இறந்தார். அக்டோபருக்குப் பிறகு அவர் அந்தச் சன்னலோரம் போக மறுத்திருந்தார். கடைசி வாரங்களில் கிளேட்டன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மன்னிச்சிட்டியா?" என்று ஒரேயொரு முறை கேட்டார். ஒலீட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தம்மிடம் இருந்த ஒரே சொல்லைச் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று கிளேட்டனுக்கு விளங்கவில்லை, சாகும்வரை விளங்கவில்லை.

பட்டியில் எலி நிறப் பெட்டை மட்டும் மிஞ்சியது. இடப்பக்கம் முழுவதும் பழகியிருந்தது, சேணம் ஏற்றது, அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். வலப்பக்கம் கை நீட்டினால் பட்டியின் மறுகோடிக்குப் போய்விடும். முன்பானால் வலப்பக்கம் தரையில் நின்று பழக்குவதற்குக் கால் தேவையில்லை, பொறுமை போதும் என்று அவரே சொல்வார். இப்போது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை நடுங்கியது. நடுங்கும் கையைக் காட்டுக்குதிரை அண்ட விடாது. வலது குளம்புகள் இரண்டும் சீவப்படாமல் வளர்ந்து ஓரம் வெடித்தன. குளம்பு சீவுபவர் மூன்று முறை வந்து, மூன்று முறையும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இன்னும் இரண்டு மாதம் போனால் நொண்டியாகிவிடும். எடுத்துப்போன குதிரையை ஓராண்டுக்குள் திருப்பி ஒப்படைக்கலாம் என்பது அரசாங்க விதி. அந்தக் கெடுவும் சூலையில் முடியும். அரசாங்கப் பட்டியில் குதிரையை இரும்புக் கூண்டில் அடைத்துச் சாய்த்துக் குளம்பு சீவும் கருவி இருந்தது. ஆனால் ஒருமுறை திரும்பிப்போன ஏழு வயதுக் குதிரையை எடுத்துப்போக இன்னொருவர் முன்வருவது அரிது. நூற்றுக்கணக்கானவற்றோடு நிழலற்ற பட்டியில் நின்று நின்றே அதன் காலம் போகும்.

மே மாத இறுதியில் ட்ரீனா வந்தாள். வேலியில் சாய்ந்து பெட்டையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எனக்குக் குடுத்துடுங்க அங்கிள்."

"தயார் இல்லம்மா."

"தெரியும். வலப்பக்கத்த நான் பாத்துக்கறேன். முப்பத்தாறு வயசுதான் ஆகுது, ரெண்டு காலும் நல்லா..." என்று தொடங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"யாரும் ஏறாத பக்கம் லைல் பொண்ண ஏத்த மாட்டேன்."

"வேற யாரையாவது கூப்பிட்டு ஏத்துங்களேன்."

"யாரா இருந்தா என்ன? அவங்களுக்கும் ஒரு அப்பன் இருப்பான்."

"அப்பாதான் அனுப்பினாரு," என்றாள் ட்ரீனா. "போயி அந்தப் பெட்டைய வாங்கிட்டு வான்னாரு. இந்தத் தடவ வலப்பக்கம் நடக்கலன்னு கிளேட்டன் வாயாலயே சொல்லச் சொல்லு, சொல்லிட்டுக் குடுக்கட்டும், அது போதும்னாரு. நீங்க தயார்னு சொல்லவே வேணாம் அங்கிள். தயார் இல்லன்னு சொல்லியே குடுங்க."

லைல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தமக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது கிளேட்டனுக்குப் புரியாமல் இல்லை. அதற்குள் நுழையக் கால் வரவில்லை.

"பாதிக் குதிரையா எதுவும் என் பட்டிய விட்டுப் போனதில்ல."

"போயிருக்கே," என்றாள் ட்ரீனா. குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணு போயிருக்கே."

பெட்டை தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தது.

"ஒங்களுக்கு அந்த ஒரு வார்த்ததான் பெரிசு. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். குதிர பெரிசில்ல. எங்கப்பாவும் பெரிசில்ல."

அவள் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். கிளேட்டன் கையைக்கூடத் தூக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவர் பெட்டையை வண்டியில் ஏற்றினார். இடப்பக்கம் நின்று அழைத்ததும் அது மறுபேச்சின்றி ஏறிக்கொண்டது. பாய்சிக்கு வெளியே அரசாங்கப் பட்டியில் ஓர் இளம் அலுவலர் படிவத்தோடு வந்தார்.

"பேரு எதாவது வச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல."

அந்தச் சொல் தம் வாயிலிருந்து ஒலீட்டாவின் குரலில் வந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

உள்ளே, இறக்கும் இடத்தில், பெட்டையின் தலைக்கயிற்றைக் கழற்ற வேண்டியிருந்தது. இடப்பக்கம் இரும்புச் சட்டம்; நிற்க இடமில்லை. வலப்பக்கமாகத்தான் கை நீட்ட வேண்டும். மிரண்டு திமிறும் என்று எதிர்பார்த்து மெதுவாக நீட்டினார். கை நடுங்கவில்லை, இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத கை நடுங்குவதில்லை போலும். பெட்டை காதை மட்டும் திருப்பிற்று. அவருடைய விரல்கள் அதன் வலக் கழுத்தில் பட்டன. அது விலகவில்லை. தலையைத் தாழ்த்தி, மூச்சை நீளமாக விட்டு, அப்படியே நின்றது. கை முழுவதையும் வைத்தார். மயிருக்கு அடியில் சூடாக இருந்தது. இன்னும் ஒரு மாதம், ட்ரீனாவைப் போன்ற ஒருத்தி பொறுமையாகப் பழக்கியிருந்தால், வலப்பக்கமும் பழகியிருக்கும்.

"சார், முடிஞ்சிருச்சா? அடுத்த வண்டி நிக்குது," என்றார் அலுவலர்.

கிளேட்டன் கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தார். வட்டப்பட்டியின் கம்பங்களைப் பிடுங்கவும் இல்லை, அதற்குள் நுழையவும் இல்லை. லைல் இருமுறை ஆள் அனுப்பினார்; கிளேட்டன் போகவில்லை. அவர் கடைசியாக ஒரு குதிரையின்மேல் கை வைத்தது 2009ஆம் ஆண்டு சூன் 9, செவ்வாய்க்கிழமை, வலப்பக்கத்தில்.